சல்மா சாய்ந்த சுவர்

ஜுபைல்
சவூதி அரேபியா
5.6.1994

அன்பு மெஹர்,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை. உன் உடம்பும் மனசும் தேற வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

உன் கடிதம் வந்தது. கடிதமா அது? "உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன். மழை இல்லை." நம் மகள் சல்மா மௌத்தாகிப் பதினான்கு மாதமாக, மூன்று வரிக்கு மேல் நீ எழுதியதே இல்லை. கோபம் என்றால் திட்டி எழுது. திட்டுவதற்காவது நாலு பக்கம் வேண்டாமா?

எனக்கு வேலை மாறியிருக்கிறது. வயரிங் பிரிவிலிருந்து எடுத்து, கையில் ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டார்கள். முகத்தைப் படம் பிடிக்கிற கேமரா இல்லை, சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா. கொஞ்சம் பழைய மாடல். காலையில் அதன் தலையில் திரவ நைட்ரஜனை ஊற்றினால் புகை கக்கிக்கொண்டு விழிக்கும். சூடான இடம் வெள்ளையாகவும் ஆறிய இடம் கறுப்பாகவும் சின்னத் திரையில் தெரியும். பேனல்களில் எந்த ஜாயின்ட் லூஸாக இருக்கிறது, உலையின் உள்செங்கல் எங்கே கரைந்திருக்கிறது, எண்ணெய் டாங்கில் எந்த மட்டம் வரை எண்ணெய் நிற்கிறது, எல்லாம் வெளியில் நின்றே சொல்லிவிடலாம். போன வாரம் ஒரு பேனலைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். திறந்து பார்த்தால் செம்பு உருகத் தொடங்கியிருந்தது.

ஒரு வேடிக்கை கேள். எங்கள் ஃபோர்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து போனார். கேமராவில் பார்த்தால் நாற்காலியில் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்! இரண்டு வெள்ளைப் பூசணிக்காய். ஆள் போன பிறகும் சாய்ந்த இடத்தில் ஆளுடைய சூடு இருக்கிறது மெஹர். நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

சிரித்தாயா இல்லையா என்று எழுது.

உன்,
சதக்


ஏர்வாடி
20.6.1994

அன்பு மச்சானுக்கு மெஹருன்னிசா சலாம் சொல்லி எழுதுவது.

சிரித்தேன். பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவிக்கும் பூசணிக்காயைப் படித்துக் காட்டினேன். "சம்பளம் குடுத்து இதத்தான் பாக்கச் சொல்றானுகளாக்கும்" என்றாள்.

திட்டச் சொல்லியிருக்கிறீர்கள். நாலு பக்கம் எதற்கு? நீங்கள் வரவில்லை. அவள் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோதும் வரவில்லை, போன பிறகும் வரவில்லை. அவ்வளவுதான். இதை மூன்று வரியிலேயே எழுதிவிட்டேன், பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் போன பிறகு அந்தச் சூடு எவ்வளவு நேரம் இருக்கும்? நாற்காலியில் எவ்வளவு, சுவரில் எவ்வளவு? தினமும் ஒரே இடத்தில் ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அது கூடுதலாக நிற்குமா? அந்தக் கேமரா இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியுமா?

நன்றாகச் சாப்பிடுங்கள். ரொட்டியைத் தின்றே நாளைக் கடத்தாதீர்கள்.

இப்படிக்கு,
மெஹருன்னிசா


ஜுபைல்
3.7.1994

அன்பு மெஹர்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை ஒரு பக்கம் எழுதியிருந்தாய். நாலைந்து தடவை படித்தேன், திட்டையும் சேர்த்துத்தான்.

அந்தத் தந்தி பாலைவனத்தில் வேலை நடந்த இடத்துக்கு வந்து என் கையில் கிடைக்க ஐந்து நாள் ஆனது. அடக்கம் முடிந்தது என்று அதிலேயே இருந்தது. பாஸ்போர்ட் கம்பெனியின் கையில் இருந்தது. இனிப் போய் யாரைப் பார்ப்பது என்று நினைத்தேன். நீ இருக்கிறாய் என்பது அன்றைக்கு என் புத்தியில் உறைக்கவில்லை. அது என் தப்பு. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். நாற்காலியில் இரண்டு மூன்று நிமிஷம். சுவரில் நெடுநேரம் சாய்ந்திருந்தால் பத்து நிமிஷம் நிற்கலாம். அதற்குமேல் கிடையாது. எந்தச் சூடும் தானாக நிற்காது மெஹர். பின்னாலிருந்து ஏதாவது ஒன்று கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும்.

ஏன் கேட்டாய்?

உன்,
சதக்


ஏர்வாடி
17.7.1994

அன்பு மச்சானுக்கு மெஹருன்னிசா எழுதுவது. சலாம்.

நீங்கள் பத்து நிமிஷம் என்கிறீர்கள். பதினைந்து மாதமாக ஒரு சூடு நிற்கிறது. பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை.

கூடத்துச் சுவரில் அலமாரிக்குப் பக்கத்தில் சல்மா உட்காருவாளே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அங்கேதான் சாய்வாள். ஏன்டி அங்கனயே இருக்க என்றால், "இங்கன இருந்தாத்தான் வாசல் தெரியும். வாப்பா வந்தா நாந்தான் மொதல்ல பாப்பேன்" என்பாள். உங்கள் பூசணிக்காய்க் கடிதம் வந்த அன்று சும்மா அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது மச்சான். ஒரு சாண் அகலம். அவள் உட்கார்ந்தால் முதுகு படுகிற உயரம். சுற்றிலும் சுவர் சில்லென்று இருக்கிறது, அந்த இடம் மட்டும் காய்ச்சல் கண்ட பிள்ளையின் முதுகு மாதிரி இருக்கிறது.

தினமும் பார்க்கிறேன். கரண்ட் போன நாளில் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடுகிறது. இருட்டு என்றால் அவளுக்குப் பயம் அல்லவா, அதனால்தான் வருவதில்லை. கரண்ட் வந்து ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்துவிடுகிறாள். இந்த வாரம் முன்னைவிட நன்றாகவே சுடுகிறது. சாம்பிராணி கருகினாற்போல லேசாக ஒரு வாசமும் வருகிறது.

ரம்ஜான் பீவியிடம் மட்டும் சொன்னேன். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். "ஏலா, எங்கெங்கோ ஊருல இருந்தெல்லாம் சனம் நம்ம தர்காவுக்கு வருது, ஒனக்கு நாலு தெரு நடக்க என்னா?" என்கிறாள். நான் போகமாட்டேன். போனால் ஓதி அனுப்பிவிடுவார்கள். என் பிள்ளையை நான் எதற்கு அனுப்ப வேண்டும்? அவளுடைய சின்னப் பாயை எடுத்து அங்கே போட்டிருக்கிறேன். அந்தச் சுவரை ஒட்டித்தான் படுக்கிறேன். இத்தனை மாதத்தில் இப்போதுதான் தூக்கம் வருகிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு ஒரு தடவை வாருங்கள். அவளை எனக்குக் காட்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் போதும்.

மெஹருன்னிசா


ஜுபைல்
31.7.1994

அன்பு மெஹர்,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். தந்தி என்றாலே உனக்கு நெஞ்சு நடுங்கும் என்று தெரியும். வேறு வழியில்லை. மூலைக்கடைக்கு போன் போட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை.

மெயினை அணைத்துவிட்டாயா? தந்தி கிடைக்காமல் இதுதான் முதலில் வந்தது என்றால், இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் மெயினை அணை. சுவரைத் தொடாதே. அந்த வீட்டில் படுக்காதே. என்னோடு வயரிங் வேலை பார்த்த ராக்கப்பனைக் கூப்பிட்டு, அந்த இடத்தை உடைத்துப் பார்க்கச் சொல்.

இப்போது மீதியைப் படி.

கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. கரண்ட் போனால் வருவதில்லை என்று எழுதியிருந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இதுதானே என் வேலை. அன்றே தந்தி கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஒரு நாள் முழுக்க அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாய். நான் அதைப் பறிக்க வேண்டும். அதுமட்டுமில்லை, எனக்கும் அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அறையில் என் கட்டிலை ஒட்டிய சுவரைக் கேமராவில் பார்த்தேன். ஒன்றுமில்லை, கறுப்பாக இருந்தது. மறுநாள் ஜும்ஆ தொழுதுவிட்டுப் போய்த் தந்தி கொடுத்தேன். அந்த ஒரு நாளில் உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்னவாகியிருப்பேன்?

மெஹர், அது சல்மா இல்லை. போன லீவில் ஃபிரிட்ஜ் வாங்கினோமே, அதற்கு அந்தச் சுவர் வழியாக லைன் இழுத்தேன். மறுநாள் எனக்கு விமானம். ஜங்ஷன் பாக்ஸ் வைக்க நேரமில்லை. வயரை முறுக்கி டேப் சுற்றி, மேலே பூசிவிட்டேன். இன்னொருவன் செய்திருந்தால் அவனைக் கட்டி வைத்து உதைத்திருப்பேன். அந்த ஜாயின்ட் லூஸாகிச் சுடுகிறது. சாம்பிராணி இல்லை அது, டேப் கருகுகிற வாசம். நாளுக்கு நாள் சூடு கூடுகிறது என்றால் நெருப்பாவதற்கு அதிக நாள் இல்லை.

நீல டேப். சல்மாதான் பக்கத்தில் நின்று சுருளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கத்தரியைத் தேடினேன். "நான் கடிச்சுத் தாரேன் வாப்பா" என்று பல்லால் கடித்துக் கடித்துக் கொடுத்தாள். இதை எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

என்னை மன்னித்துக்கொள்.

சதக்


ஏர்வாடி
14.8.1994

மச்சானுக்கு மெஹருன்னிசா எழுதுவது. சலாம்.

தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தியதும் நீங்கள்தான் போய்விட்டீர்கள் என்று நினைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் படித்துச் சொன்னார். "மெயினை அணை, சுவரைத் தொடாதே, ராக்கப்பனைக் கூப்பிடு." இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். "என்னம்மா இது, சுவத்துக்கெல்லாம் தந்தி குடுக்குறாரு" என்றார்.

உடனே அணைக்கவில்லை. உங்களுக்கு ஒரு நாள் என்றால் எனக்கு அரை மணி நேரம். போய் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சேலைக்கு மேலேயே சுட்டது. அப்புறம் எழுந்து போய் அணைத்தேன். அது ஆறுகிற வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் ஆஸ்பத்திரியில் ஆறியதையும் நான் ஒருத்திதான் பார்த்தேன். இரண்டு தடவையும் நீங்கள் இல்லை.

மறுநாள் காலையில் ராக்கப்பன் வந்து உடைத்தார். உள்ளே கன்னங்கரேலென்று கிடந்தது. அலமாரியின் முதுகுப் பலகை கருகியிருக்கிறது, பாயின் ஓரமும் பழுப்பேறியிருக்கிறது. "இன்னும் நாலு நா விட்டுருந்தா வீடு நின்டுருக்காது தாயி. சதக்கு வேலயா இது? நம்பவே முடியல" என்றார். பாக்ஸ் வைத்து, புது வயர் போட்டுப் பூசிவிட்டார். இப்போது ஃபிரிட்ஜ் ஓடுகிறது. சுவர் எல்லாச் சுவரையும் போல இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. நீல டேப்பைப் படித்துவிட்டு, உடைத்துப் போட்ட சிமெண்டுக் கட்டிகளைக் கொல்லையில் உட்கார்ந்து கிளறினேன். கருகாத துண்டு ஒன்று கிடைத்தது, விரல் நீளம். ஒரு ஓரம் பல் பல்லாக இருக்கிறது. குர்ஆன் வைக்கிற பெட்டியில் வைத்திருக்கிறேன். அவள் கடித்த டேப்தான் உள்ளே இருந்து சுட்டிருக்கிறது. பிறகு அது சல்மா இல்லை என்று எப்படி மச்சான் எழுதினீர்கள்?

நீங்கள் செய்தது சரி. என்னைக் காப்பாற்றினீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத இந்தக் காகிதம் போதாது.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அந்த இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது அடைந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து, சுவரில் கை வைத்தேன். சூடாக இருந்தது. என்னுடைய சூடுதான், எனக்குத் தெரியாதா? அதற்குத் தந்தி அடித்துவிடாதீர்கள். ஆனால் அவளும் என் சூட்டில்தானே பத்து மாதம் இருந்தாள். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து தொட்டேன், ஆறிப்போயிருந்தது. நீங்கள் சொன்ன பத்து நிமிஷம் சரிதான்.

இனி எனக்கு எதையும் விளக்கி எழுத வேண்டாம். வருவதானால் வாருங்கள். இல்லையென்றால் பழையபடி மூன்று வரி எழுதிக்கொள்வோம்.

மெஹருன்னிசா


ஜுபைல்
30.8.1994

அன்பு மெஹர்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்ரிமெண்டில் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது. தந்தி கொடுக்கவில்லை.

இந்தத் தடவை நான் எதையும் அளக்கப்போவதில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில்தான் வருவேன். பஸ் தாமதமானால் முக்கு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்து மறுநாள் அந்த நேரத்துக்கு வருவேன். நீ வாசலைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்திரு. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வராதே. பக்கத்தில் நானும் சாய்ந்துகொள்கிறேன்.

எழுந்துவிடாதே மெஹர். ஆறிப்போகும்.

சதக்