கன்னத்தில் பட்ட தோட்டா

வியாழன், இரவு.

தஞ்சாவூரில் இன்று எங்கள் போலீஸ் அணி புதிய ரைஃபிளைச் சுட்டுப் பார்த்தது. தோட்டா அடைக்கும் மேகசின் டிரிகருக்குப் பின்னால் இருப்பதால் குட்டையானது, கைக்கு அடக்கம். ஆனால் காலித் தோட்டா முகத்தருகே வலப்பக்கம் தெறிக்கிறது. நான் இடது தோளில் வைத்துச் சுடுபவள்; என் முகம் அந்த வலப்பக்கத்தில்தான் இருக்கும். கொதிக்கக் கொதிக்கக் கன்னத்தில் அடித்தது.

இன்ஸ்பெக்டர் பதறிவிட்டார். "ஏம்மா, நீ இடது கையா? மெஸ்ல வலது கையாலதானே சாப்பிடுறே? இந்தத் துப்பாக்கிக்காகக் கேட்டப்போ, அதைப் பாத்துட்டு எல்லாரும் வலது கைதான்னு மேலதிகாரிங்ககிட்ட சொல்லிட்டேனே!"

இடது கையால் சோற்றைத் தொட எந்த வீட்டில் விட்டார்கள்?

தோளை மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஒரு குண்டும் இலக்கில் படவில்லை.

"பழகிடும்மா."

சின்ன வயதில் தட்டின் முன்னால் அம்மாவும் இதைத்தான் சொன்னாள். நான் பழகும்வரை சோறு காத்திருந்தது. எதிரே துப்பாக்கியோடு நிற்பவன் காத்திருப்பானா? நாளை இதை அவரிடம் கேட்க வேண்டும். கேட்பேனா?