உங்களுக்குப் பதிலாக உட்கார்ந்தேன்

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து, என் வீட்டுக்காரருக்கு எழுதிக்கொள்வது.

இங்கு நானும் மகளும் நலம். சமையலறைக் குழாயும் நலம். போன விடுமுறையில் நீங்கள் அதைச் சரிசெய்துவிட்டுப் போனதிலிருந்து முன்னைவிட நன்றாக ஒழுகுகிறது. உங்கள் நலத்தை மட்டும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நீங்கள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு கிண்டல் செய்தால் நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்த கையோடு "சரி சரி, அடுப்பு எரியுது" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதால் பிழை இருக்கும். மகளிடம் காட்டித் திருத்தவில்லை. ஏன் காட்டவில்லை என்று படிக்கப் படிக்க உங்களுக்கே தெரியும்.

சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருப்பவர்களுக்காக நம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா நடத்தும் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அதில் உங்கள் பெயரைத்தான் சேர்த்தார்கள். வகுப்பு தொடங்குவதற்குள் நீங்கள் வெளிநாட்டுக்கு, தொழிலாளர் கேம்பில் சமைக்கக் கிளம்பிவிட்டீர்கள். ஆள் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு வரத்தான் நான் போனேன். அந்த அம்மா வார்டு வேலையை முடித்துவிட்டு, தனி ஆளாக நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் இரண்டு இழுத்துப் போட்டேன். பகல் முழுக்க லாண்டரியில் நின்றுகொண்டு இஸ்திரி போட்ட கால், நாற்காலியைப் பார்த்ததும் தானாக மடிந்துவிட்டது. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். உங்களுக்குப் பதிலாக ஒவ்வொரு வாரமும் போய் உட்காருகிறேன். வகுப்பில் எனக்குப் 'பதிலாள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நர்ஸம்மா யாரையும் அதட்டுவதில்லை. "இந்த வாரம் உங்களால முடியற ஒரே ஒரு விஷயம் என்ன, நீங்களே சொல்லுங்க" என்று கேட்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர் வருகிறார். உப்பு டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். பிரஷர் மட்டும் இறங்கவில்லை. நர்ஸம்மா துருவிக் கேட்ட பிறகு, "பீரோவுக்கு ரெண்டு சாவி சிஸ்டர்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் முறை வரும்போது நான் உங்களைப் பற்றிச் சொல்வேன். போனில் நீங்கள் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்பிப்பேன். காலையில் கேம்பைச் சுற்றி நடக்கிறார், குழம்பில் உப்புப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறார், மெஷினில் பிரஷர் இவ்வளவு காட்டியது என்று. நர்ஸம்மா எழுதிக்கொள்வார். வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. "எங்கேயோ இருந்துக்கிட்டு எவ்வளவு அக்கறையா இருக்கார் பாருங்க" என்று சொல்லி, எல்லோரையும் உங்களுக்காகக் கைதட்டவும் வைத்தார். கண்டக்டருக்குப் பொறாமை தாங்கவில்லை. "உன் வீட்டுக்காரர் என்னம்மா மனுஷனா, மாட்டுவண்டியா, சொன்னா சொன்ன பக்கம் போறாரே" என்று என்னிடமே கேட்டார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு நாள் நர்ஸம்மா, "அவர் காலைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டார். "ஆளோட தலையையே பார்க்க முடியல சிஸ்டர், காலுக்கு எங்க போறது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் உங்கள் அறையில் மேல் கட்டிலில் படுக்கும் பெயின்டர் தம்பி லீவில் வந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய சோப்புகளும் மகளுக்கான பையும் பத்திரமாக வந்து சேர்ந்தன. டீ கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, என் டீயைப் பத்தி அங்கேயே எச்சரிக்கை பண்ணி அனுப்பிட்டாரா?" என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை. "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தார். சொல்லிவிட்டேன் பாருங்கள். அவரைத் திட்டாதீர்கள். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், எனக்குப் பழக்கம்.

உங்கள் ஷூவுக்குள் ஒரு திருகாணி கிடந்ததாம். ஒரு நாள் பூராவும் அதன் மேல் நின்று சமைத்திருக்கிறீர்களாம். சாயங்காலம் ஷூவைக் கழற்றியபோதுதான் ரத்தத்தைப் பார்த்தீர்களாம். வலிக்கவே இல்லை என்றீர்களாம். அந்தப் புண் இன்னும் ஆறவில்லையாம். யாரும் எழுவதற்கு முன் சாக்ஸை அலசிப் போடுகிறீர்களாம். கேம்ப் டாக்டரிடம் காட்டினால், வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று மறைக்கிறீர்களாம். கேம்பில் இருந்த பிரஷர் மெஷின் எப்போதோ கெட்டுப்போய் மூலையில் கிடக்கிறதாம்.

அப்படியானால் எனக்கு நீங்கள் சொன்ன கணக்கெல்லாம் எந்த மெஷினில் பார்த்தது? அதை நம்பி நானும் வகுப்பில் கைதட்டல் வாங்கினேனே!

நர்ஸம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அடுக்கிய நாற்காலியையே திரும்ப எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். "நல்லா இருக்குன்னு சொன்னா யாருக்குத்தான் பிடிக்காது. எனக்கும் அது தேவையா இருந்துச்சும்மா. அதான் மேல கேட்காம விட்டுட்டேன்" என்றார். அப்படிக் களைத்த முகத்தை நான் லாண்டரியில்கூடப் பார்த்ததில்லை.

பிறகு, "உங்களுக்கு நான் ஒரு தடவைகூடப் பிரஷர் பார்க்கலையே, உட்காருங்க" என்றார். எனக்கு என்ன சிஸ்டர், நான் வெறும் பதிலாள் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமாம். என்னைப் போய்! நீங்கள் அங்கே இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு மாலை போட்டிருப்பீர்கள்.

முதல் நிமிடம் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. பேசாமல் இருந்தால் எனக்குள் இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒரு திருகாணியின் மேல் நின்றுகொண்டு நீங்கள் குழம்பு கிளறுவதே கண்ணில் நின்றது. கையில் பட்டையைச் சுற்ற வந்த நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று எதிரில் உட்கார்ந்தார். அப்படியும் அதிகம். மறு கையில் பார்த்தார், அதிலும் அதிகம். இன்னொரு நாள் வரச் சொல்லிப் பார்த்தார், இறங்கவே இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தவறாமல் சாப்பிடுகிறேன். இனிமேல் என் பெயரிலேயே எனக்கு அங்கே இடம் உண்டு. நம் வீட்டில் பொருத்தம் பார்க்காமல் கட்டிவைத்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இதை நான் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் காலைப் பற்றியும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும்.

வழக்கமான கேள்வியை நர்ஸம்மா என்னிடமும் கேட்டார். இந்த வாரம் என்னால் முடிகிற ஒரே விஷயம். வீட்டுக்காரருக்குச் சிரிக்காமல் ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். பாதிதான் முடிந்திருக்கிறது, மன்னியுங்கள்.

உங்கள் காலைப் பற்றி நர்ஸம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வலிக்குதுன்னா நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். வலிக்கலைன்னு சொல்றாரே, அதான் பயம்." புண்ணில் நீங்களாக எதையும் தடவ வேண்டாம். சுடுதண்ணீரில் காலை வைக்கவே வேண்டாம், சர்க்கரையால் உணர்ச்சி போன காலுக்குச் சூடு தெரியாது. மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மறுநாள் இல்லை, அன்றைக்கே. பெயின்டர் தம்பி கூடவே வருவார். அவரிடம் சத்தியம் வாங்கித்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதினால் எழுதட்டும். மகள் படிப்பு முடிகிறவரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை இங்கே வந்து இரண்டு பேருமாகப் போடலாம். லாண்டரியில் மடிக்கிற பிரிவுக்கு ஆள் கேட்கிறார்கள், அது உட்கார்ந்து செய்கிற வேலை. சமையல்காரர் போர்வை மடித்தால் அதிலும் மசாலா வாசம் அடிக்குமே என்று நான் தினமும் கிண்டல் செய்வேன். அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறதுங்க. சிரிக்க வைக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மகள் உங்களுக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டதாகச் சொன்னார்கள். அங்கே அறையில் இருக்கும் எல்லோரையும் நான் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் கால்களையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். இரண்டையும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி