நீர்நாய்ப் பெண்ணை எடுத்துவிடு

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் டிலுசாவுக்கு,

அந்தக் குளிரிலும் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் உன் குரலைக் கேட்டால் ஏதாவது பகிடி விட்டுத் தப்பிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். அதனால் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், தபாலில் போட்டால் உன் விளையாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போன பிறகுதான் வந்து சேரும். அம்மா முள்ளியவளைக்குப் போய்க் கண்ணாடி மாற்றிவிட்டா, இப்போது என் சேட்டில் உள்ள ஊத்தை எல்லாம் தெரிகிறதாம். மழை பிந்தியதால் கடலை ஒட்டிய களப்பில் தண்ணீர் குறைவு, இறாலும் குறைவு. நீ அனுப்பிய சப்பாத்து காலுக்கு அளவாக இருக்கிறது, கோயிலுக்கு மட்டும் போடுகிறேன். நீ காலைச் சாப்பாட்டை விடாதே, வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பல முகம் உள்ள தாயக்கட்டையை உருட்டிக் கதையை நடத்துகிற உன் விளையாட்டு எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அதற்கு எங்கள் பக்கத்துக் கதைகளில் உருமாறுகிற பிராணி வேண்டும் என்று கேட்டாய். நான் நீர்நாய்ப் பெண்ணைத் தந்தேன், தண்ணீரில் நீர்நாய், கரையில் பெண், மற்றவர்களின் வலையைக் கிழித்து மீன் தின்னும் என்றேன். நீ விடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் மாறும், எதை வைத்து அடையாளம் பிடிக்கலாம், அதன் பலவீனம் என்ன, விதி எழுத இதெல்லாம் வேணும் அப்பா என்றாய். நான் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. இடது காதின் கீழ்நுனி இல்லை, ஒரு காலைச் சாய்த்து நடக்கும், கோயிலுக்குள் கடைசித் தூணைத் தாண்டி வராது, பெண் உருவில் தான் கண்டதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றேன். நீ அதை விதியாக்கி, கட்டையில் என்ன விழுந்தாலும் அதன் சாட்சி செல்லாது என்று எழுதி வாசித்துக் காட்டினாய், இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஒன்று கேட்டாய், இது ஊரில இருக்கிற ஆரையும் பற்றின கதை இல்லைத்தானே அப்பா, அப்பிடியெண்டால் நான் போடமாட்டன் என்று. சீச்சீ, என்ர அப்பு காலத்துக் கதையெல்லோ என்றேன். அது பொய், பிள்ளை.

அது றோஸ்மேரி. எங்கள் வீட்டுக்கு ஆறு வேலி தள்ளி இருக்கிறவா, நீ விடுதியில் நின்று படித்ததால் உனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவாவின் காதும் காலும் ஷெல் துண்டு பட்டுப் போனவை. யுத்தம் முடிந்து செட்டிகுளம் முகாமில் இருந்து நாங்கள் திரும்பி வந்து இரண்டாம் வருஷம் நடந்தது இது. களப்பில் கம்பு நட்டுக் கட்டுகிற கட்டுவலைக்கு இடம் மீனவர் சங்கத்தில் சீட்டுப் போட்டுத்தான் தருவார்கள், இன்னொருவன் வலையில் கை வைத்தவனுக்கு அதற்குப் பிறகு களப்பில் இடமில்லை. ஞாயிறு பூசை முடியும் வரை ஒருவரும் தண்ணீரில் இறங்குவதும் இல்லை. அந்த ஞாயிறு நான் அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்துவிட்டு, பூசை மணி அடித்ததும் எழும்பிப் போய், பக்கத்து இடத்தில் வலை கட்டுகிற அன்ரனின் வலையை அறுத்து இறாலை அள்ளினேன். இல்லாமையால் செய்தேன் என்று எழுத வந்தேன், எழுதமாட்டேன், அந்த வருஷம் அன்ரனுக்கும் இல்லாமைதான். நிமிர்ந்தால் கரையில் றோஸ்மேரி விறகுக் கட்டோடு நிற்கிறா. பார்த்துவிட்டுப் போனா.

அவா வாய் திறக்க முன்னம் நான் திறந்தேன். பின்னேரம் சங்கக் கொட்டிலில் அன்ரன் கிழிந்த வலையோடு கத்திக்கொண்டு நிற்க, காலையில் காய்ச்சலோடு களப்பைப் பார்த்த என் வீட்டு வாசலில் குந்தியிருந்து நான் எல்லாம் கண்டேன், நீர்நாய் ஒன்று வலையைக் கடித்தது, தடியால் எறிந்தேன், அது கரையேறி றோஸ்மேரியாக எழும்பி நடந்தது என்றேன். அவா நடக்கிற மாதிரி நடந்தும் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த நாள் அவா வந்து தான் கண்டதைச் சொன்னபோது ஒருவரும் காதில் போடவில்லை. பகிடி பிறகு பெயராகிவிட்டது. வலை கிழிந்தால் அவா வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். கோயிலில் அவா வந்து இருந்தால் பக்கத்தில் இருந்த பெண்கள் விலகினார்கள், அவா கடைசித் தூணோடு நின்றுவிட்டா. மகள் கம்சா உன் வயது, பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நீர்நாய்க்குட்டி என்று பெயர். போன வருஷம் அவளைப் பெண்பார்த்துப் போனவர்கள் தாயைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பி வரவில்லை. நான் பதின்மூன்று வருஷமாக அந்தத் தூணைக் கடந்து போய் நற்கருணை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

போன வியாழன் நீ போனில் அனுப்பிய, நீர்நாய்ப் பெண்ணைக் கீறிய பக்கத்தைப் பெருமை தாங்காமல் சங்கத்தில் எல்லோருக்கும் காட்டினேன், அதில் எனக்கு நன்றி என்று போட்டிருந்தாய் அல்லவா. ஒருவன் பார்த்துவிட்டு, இது எங்கட றோஸ்மேரியெல்லோ என்று சத்தம் போட்டான். அவா நண்டு நிறுக்க வந்து அங்கேதான் நின்றா. போனை வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. காதைச் சரியாக் கீறியிருக்கினம் அண்ணை என்று சொல்லி நீட்டினா. எனக்கு அதை வாங்கக் கை எழும்பவில்லை.

நேற்று அவா வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்றபடி சொன்னேன், அண்டைக்கு நீங்கள் கண்டது உண்மை, நான்தான் கள்ளன் என்று. அவா கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினா. பிறகு சொன்னா, பேதுரு அண்ணை, சனம் சொல்லச் சொல்ல அண்டைக்கு நான் கண்டது உங்களைத்தானோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது, எனக்குப் புத்தி மாறிப்போச்சாக்கும் எண்டு மடுமாதாவுக்கு நேர்த்தியும் வைச்சனான் என்று. மன்னிப்புக் கேட்டேன். ஞாயிறு பூசை முடியச் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். அப்ப கம்சாவையும் கூட்டிக்கொண்டு வாறன், அவள் தன்ர காதால கேக்கோணும் என்றா. நாளைக்கு ஞாயிறு, களப்பில் எனக்குள்ள இடம் போய்விடும், போகவேண்டியதுதான். இரவு அம்மாவுக்கும் சொன்னேன். சாப்பாடு போட்டுத் தந்துவிட்டு, தன் பாயை உள்ளறைக்கு எடுத்துக்கொண்டு போனா.

பிள்ளை, நீர்நாய்ப் பெண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடு. காதையும் காலையும் மாற்றிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், முழுவதையும் எடு, என் பெயரையும் எடு. உன் ஆறு மாத வேலை அது என்று தெரியும், கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்வாய் என்றும் யோசித்தேன். உன் அப்பன் பொய் சொன்னான் என்றே சொல்லு.

ஆசீர்வாதம் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனால் அது சொல்லாமல் உனக்கு ஒரு கடிதம் முடிக்க எனக்குத் தெரியாது. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திரு. நாளைக்குப் பின் ஊரிலிருந்து யாராவது போன் எடுத்து உன் கொப்பன் கள்ளன் என்று சொன்னால், நீ எனக்காகச் சண்டைக்குப் போகாதே. ஓம் என்று சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
சூ. பேதுரு