சாய்ந்த தாளுக்குத் தண்ணீர் வேண்டாம்

டாரியஸ் அப்பா,

உம்பாய் கிராமத்துக்கு டோரிஸ் அக்காவைப் பார்க்கப் போகிறேன். ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன். சோறும் மீன் அசாம் பெடாஸ் குழம்பும் அடுப்பின் மேல் இருக்கின்றன.

வெங்காயப் பாத்தியின் சொட்டுநீர்க் குழாயைத் திறக்காதீர்கள். "செடியெல்லாம் தலை சாஞ்சு கெடக்கு, தண்ணி காட்டாம கொல்றியே லா" என்று நேற்றுக் கத்தினீர்களே, அது வாட்டம் இல்லை. வெங்காயம் முற்றினால் தாள் தானாகச் சாயும். இதுவரை காலையில் இருபது நிமிடம், மாலையில் பத்து நிமிடம் விட்டோம். பாதித் தாள் சாய்ந்துவிட்டால் அதையும் நிறுத்திவிட வேண்டும். போன தடவை எனக்குத் தெரியாமல் நீங்கள் திறந்துவிட்டு, பாதி வெங்காயம் மண்ணிலேயே அழுகியது. இன்னும் பத்து நாள் பொறுத்தால் இந்தத் தடவை முழுதாக வீட்டுக்கு வரும்.

"ஒங்களுக்கு வெங்காயந்தான் பொண்டாட்டி" என்று நானும் சொல்லியிருக்கக் கூடாது.

பமேலா

பி.கு.: நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனாலும் குழாயின் கைப்பிடியைக் கழற்றிக் கைப்பையில் எடுத்துப் போகிறேன்.

இன்னொன்று: யாருக்காவது தண்ணீர் காட்டாமல் உங்கள் கை நிற்காது என்றால், ஐஸ் பெட்டியில் பார்லித் தண்ணீர் இருக்கிறது. காலையில் கோபத்தில் தேநீர்கூடத் தொடாமல் போய்விட்டீர்கள். நீங்கள் குடியுங்கள்.