ஷவர் ஒழுகுவது நின்றுவிட்டது

அன்புள்ள குட்டிமாவுக்கு, அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்றைக்குப் பேனாவில் இறங்க மாட்டேன் என்கிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது?

குளியலறை ஷவர் ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அங்கிருந்தே தொடங்குகிறேன். சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் தரை ஓட்டின் இடுக்கு வழியே இறங்கிக் கீழ்வீட்டுத் தையல்காரரின் மெஷின் மேலேயே விழுந்திருக்கிறது. பாவம், படியேறி வந்து, "மேல நீங்க குளிக்கிறீங்க, கீழ நாங்க நனையறோம், சோப்பையும் சேர்த்து அனுப்பிட்டா ஒரு வேலை முடிஞ்சுடும் சார்" என்று சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் கையில் நனைந்த ரவிக்கைத் துணி இருந்தது. அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன், ஒரு செடியை வெயிலில் வைத்து, இன்னொன்றை நிழலில் வைத்துத் தண்ணீரையும் குறைத்தால், வாடியது நிழலாலா தாகத்தாலா என்று எப்படிச் சொல்வாய், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று. அதே மாதிரி ஆரம்பித்தேன். முதலில் ஷவரின் தலையைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் வெறும் குழாயிலிருந்து சொட்டியது, ஆகவே தலையில் குற்றமில்லை. குழாயை மூடுகிற திருகைப் பிரித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர், பிசைந்த மாவில் டம்ளரை வைத்து அழுத்தினதுபோல் வட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. புது வாஷர் போட்டேன், நின்றது. சில நாளில் மறுபடி சொட்டியது. பிரித்தால் அதே வெட்டு. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு வாஷர் மட்டம் என்றார், நல்லதாக வாங்கிப் போட்டோம். பித்தளை தேய்ந்துவிட்டது என்றார், திருகையே மாற்றினோம். அதுவும் ஒழுகியது. "வாத்தியாரே, உங்க வீட்டு ஷவருக்கு என்கிட்ட ஏதோ பகை" என்று கையை விரித்துவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து குளியலறைக்குப் போனாள், கிறீச்சென்று ஒரு சத்தம், திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுந்தாள், மறுபடி கிறீச். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். முந்தானையைத் திருகின்மேல் சுற்றி, இரண்டு கையாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குகிறாள் குட்டிமா. என்ன பண்றே என்றேன். "குழாயை மூடாம வந்துட்டேங்க, கீழ்வீட்டுல நனையுமே" என்றாள். இப்போதுதானே வந்து மூடினாய் என்றதற்கு, "நானா?" என்றாள். கோழியா முட்டையா கதைதான். இவள் மூடி மூடியே வாஷர் வெட்டுப்பட்டு ஒழுகுகிறது, ஒழுகுகிறதே என்று இவள் மூடுகிறாள்.

முறுக்கவே வேண்டாத, லேசாகத் தட்டினால் மூடுகிற கைப்பிடிக் குழாயை மாட்டினோம். மறுநாள் குளிக்கப் போனவள் தலையெல்லாம் நுரையோடு, "குழாயைக் காணோம்" என்று கத்தினாள். போய் அவள் கையைப் பிடித்துக் கைப்பிடியின்மேல் வைத்தேன். அதைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்து மெதுவாக, "இது யார் வீடுங்க? நாம நம்ம வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள். என் கையும் சோப்பாக இருந்ததால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

அன்றைக்கே பழையபடி திருகுக் குழாயை மாட்டச் சொன்னேன். "புதுசைக் கழட்டிட்டுப் பழசு கேக்கற ஒரே ஆளு நீங்கதான்" என்று பிளம்பர் முணுமுணுத்தார். கூடவே குளியலறைக்கு வெளியே ஒரு வால்வு வைத்துக்கொண்டேன். அவள் குளிக்கும்போது திறப்பேன், மற்ற நேரம் மூடிவிடுவேன். ஷவர் ஒழுகுவது நின்றுவிட்டது. கீழ்வீட்டுக் கூரையும் காய்ந்துவிட்டது. சொட்டுகிற சத்தம் காதில் விழாவிட்டால் அவளும் எழுந்து போக மாட்டாள் என்று எவ்வளவு நம்பினேன் தெரியுமா. ஒன்றைத்தான் மாற்றினேன், விடை பளிச்சென்று தெரிந்துவிட்டது. அவள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், ஞாபகம் போகிற வேகம் குறையும், போனது திரும்பாது என்றார். காலமெல்லாம் காரணம் கண்டுபிடித்தால் பாதி சரியாயிற்று என்று சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது காரணம் தெரிந்தும் என் கையில் ஒன்றும் இல்லையம்மா.

இதைப் படித்துவிட்டு லீவு போட்டு ஓடி வராதே, நிதானமாக வா, வேளைக்குச் சாப்பிடு. உன்னிடம் வேறொன்று கேட்கிறேன். போன ஞாயிறு போனில் அம்மா, "உங்க வீட்டுக் குழாயை மூடினியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, "எத்தனை தடவைம்மா" என்று சிரித்தாய். நீ சிரித்ததால் அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, "ஏங்க, பாப்பா எதுக்குச் சிரிச்சா?" என்று என்னிடம் கேட்டாள். உன்மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாது. இனி அவள் கேட்டால் சிரிக்காதே, முன்னமே சொன்னேனே என்றும் சொல்லாதே. போனைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போ, நடக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கட்டும், உன் குழாயை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்து, "மூடிட்டேம்மா" என்று சொல். கொஞ்ச நேரம் முகம் தெளிந்து இருப்பாள்.

நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் மறக்காமல் நீண்ட காலம் வாழ வேண்டும். அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை. இதோ அம்மா எழுந்துவிட்டாள். தனியாக விடுவதில்லை, இப்போதெல்லாம் நானும் கூடப் போய் மூடிவிட்டு வருகிறேன்.

உன் அன்பு அப்பா