பக்கத்து வகுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு மகளின் வணக்கம். விடுதியில் நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே இருப்பார் என்பதால்தான் எழுதுகிறேன்.

பதறாதே, பெரிய விஷயமில்லை. பதினொன்றாம் வகுப்பு முதல் நாள், உயிரியல் என்று நினைத்துப் பக்கத்துப் பொருளாதார வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் பார்க்க எழுந்து போக வெட்கமாக இருந்தது. தக்காளி விலை ஏன் ஏறுகிறது என்று டீச்சர் கேட்டார். நீ காய்க்காரரிடம் போடும் சண்டையை வைத்தே பதில் சொல்லிவிட்டேன். மறுநாளும் அங்கேயே போனேன், தெரிந்தேதான்.

"நீ என் வகுப்பே இல்லையேம்மா! இங்கயே இருக்கணும்னா வீட்டுல கேட்டுச் சொல்லு" என்கிறார். நான் எப்படிக் கேட்பேன்? மகள் டாக்டராகப் போகிறாள் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாரே. நீதான் அவரிடம் பக்குவமாகப் பேச வேண்டும்.

தேங்காய் எண்ணெயும் பெட்டிக்கு ஒரு பூட்டும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எனக்காக மிக்ஸியை நிறுத்தாதே, ஓடட்டும்; அந்தச் சத்தம் கேட்டால் வீட்டிலேயே இருப்பதுபோல இருக்கிறது. மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

ஆய்வகத்துக்கென்று நீ தைத்த வெள்ளைக் கோட்டு வீணாகவில்லை, அம்மா. தினமும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன்.