நோட்டட், மேடம்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
9 பிப்ரவரி 2004

அன்புள்ள சுந்தரேசன்,

நீயும் பாமாவும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறையில்லை.

முதலில் ஒரு திருத்தம். நவம்பரில் உன் ஆணையம் நடத்திய பொது விசாரணையில் நான் உன்னை எல்லார் முன்னாலும் "டேய் சுந்தா" என்று கூப்பிட்டதாக எங்கள் சர்ச்சிலும், உன் பழைய பட்டாளத்து நண்பர்களிடமும் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். மைக்கைக் கையில் வாங்கியதிலிருந்து திருப்பிக் கொடுத்தது வரை "தலைவர் அவர்களே" என்றுதான் சொன்னேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவளுக்குச் சபை நாகரிகத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எல்லாம் முடிந்து படியிறங்கும்போது, "என்னப்பா இப்படி இளைச்சுப் போயிட்டே, பாமா சோறு போடறாளா இல்லையா" என்று கேட்டேன். கேட்டது உண்மை. ஆனால் அது படியில், சபையில் அல்ல.

நீ என் வீட்டுக்கு வருவதை நிறுத்திய கோபத்தில்தான் நான் அங்கே வந்தேன் என்றும் சொல்கிறார்களாம். அதுவும் தவறு. மின்சாரக் கட்டணத்தை நிர்ணயித்து, மின்சாரக் கம்பெனியையும் கேள்வி கேட்கிற ஆணையத்துக்கு உன்னைத் தலைவராகப் போட்ட வாரமே நீ வந்து விஷயத்தைச் சொன்னாய். என் அடுத்த வீட்டு வக்கீல் கம்பெனிக்காக உன் முன்னால் வாதாடுகிறவர். உன் கார் எங்கள் தெருவில் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், ஆகவே இனி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்றாய். சரியென்று சொன்னவள் நான். அதன்பின் ஞாயிறுகளில் பாதி கோழிதான் வாங்குகிறேன். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பாலம் கட்டின பிரிகேடியருக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பத்தில் பத்திரிகைகள் கேலி செய்தன. நீ யாருக்கும் பதில் சொல்லவில்லை. அறுபது வயதில் பாடப்புத்தகம் வாங்கிப் படித்தாய். சப்ஸ்டேஷன்களுக்கு நேரில் போய் நின்றாய். சந்தாபுராவில் பந்தல் போட்டு விசாரணை நடத்தி, கடைசி விவசாயி பேசி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை என்று படித்தபோது, அந்தப் பத்திரிகைத் துண்டை என் கணவர் படத்துக்குக் கீழே வைத்தேன். மேஜர் ரெமிஜியஸ் பயிற்சி கொடுத்த பையன் அல்லவா என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமை இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அன்று கேட்டது சின்ன விஷயம். ஜீவனஹள்ளியில் பாஞ்சாலி இட்லி மாவு அரைத்து விற்பவள். என் வீட்டுக்கும் அவள் மாவுதான். பழுது பார்ப்பதற்காக மின்சாரத்தை நிறுத்தும் செய்தியைக் கம்பெனி ஆங்கிலப் பத்திரிகையில் போட்டுவிட்டு, தகவல் சொல்லியாயிற்று என்கிறது. அந்தத் தெருவில் ஆங்கிலப் பத்திரிகை வாங்குகிறவர் யார்? "சொல்ட்டு புடுங்கினா நா மின்னாடியே அரைச்சு வெச்சுக்க மாட்டனாம்மா? பாதி அரைக்கிறப்ப பூட்ச்சின்னா அரிசியும் போவுது, உளுந்தும் போவுது" என்பாள். முந்தின நாளே ஒவ்வொரு தெரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். வக்கீல் எழுந்து, "மாவு அரைக்கிறதுக்கெல்லாம் ஆணையமா, ஆன்ட்டி?" என்றார். சபை சிரித்தது. நீ மேசையைத் தட்டி அடக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "நோட்டட், மேடம்" என்றாய்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன். அல்சூர் ஏரிப் பக்கம் சாப்பர்ஸ் பட்டாள முகாமில் நீ செகண்ட் லெப்டினன்டாக இருந்த நாளில் என் கணவர் ஒரு வேலை சொல்வார், நீ "நோட்டட், சார்" என்பாய், வேலை முடிந்திருக்கும். "அந்தப் பையன் நோட்டட்னு சொல்லிட்டான்னா நான் போய்ப் பாக்க வேண்டியதே இல்ல, சொர்ணம்" என்பார் அவர். அந்த நம்பிக்கையில் பாஞ்சாலியிடம், இனிமேல் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார்கள் என்று உறுதியாகச் சொன்னேன். அவள் தெரு முழுக்கச் சொன்னாள். ஜனவரியில் ஒரு கல்யாண வீட்டுக்கு மாவு தருவதாக ஒப்புக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், கம்பத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல், காலையில் போன மின்சாரம் சாயங்காலம் வந்தது. கல்யாண வீட்டார் திட்டிவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நான் போனபோது அவள் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "நீங்க சொன்னீங்கன்னுதாம்மா ஒத்துக்கினேன். உங்க மிலிட்டரிக்காரு பேச்சு அவ்ளோதானா?" என்றாள்.

மறுநாள் உன் அலுவலகம் போனேன். உன்னைப் பார்க்கக் கேட்கவில்லை. செயலாளர் சீனிவாசராகவன் காபி கொடுத்து, அந்த விசாரணைக்குப் பின் பிறப்பித்த ஆணையை எடுத்துக் காட்டினார். என் கோரிக்கைக்கு எதிரே, குறித்துக்கொள்ளப்பட்டது என்ற பொருளில் "நோட்டட்" என்று இருந்தது. சரி, எப்போது செய்வார்கள் என்று கேட்டேன். அவர் பாவம், சங்கடப்பட்டார். "செய்றதா? மேடம், நோட்டட்னா காதுல வாங்கியாச்சுன்னு அர்த்தம். அதோட ஃபைல் மூடியாச்சு. செய்யணும்னா கம்பெனிக்கு உத்தரவிடப்படுகிறதுன்னு இருக்கணும். எல்லா ஆபீஸ்லயும் இதுதானே மேடம் வழக்கம்" என்றார். அதன் கீழே உன் கையெழுத்து இருந்தது.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். நீ பட்டாளத்து அர்த்தத்தில் சொன்னதை அவர்கள் ஆபீஸ் அர்த்தத்தில் எழுதி, நீ படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அது கவனக்குறைவு, திருத்திக்கொள்ளலாம். அல்லது நீயும் இத்தனை வருஷத்தில் அந்த அர்த்தத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம். அதை நம்ப எனக்கு மனமில்லை. இன்னொன்றும் தோன்றுகிறது, அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கேட்டது நான் என்பதால், என் கையால் சாப்பிட்டவன் எனக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு வரக்கூடாதென்று நீ விட்டுவிட்டாயா? அப்படியானால் என்னைத் தெரிந்துவைத்திருப்பதே பாஞ்சாலி செய்த குற்றமாகிவிடும். உன் நேர்மைக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

மார்ச் மாதத்தோடு உன் பதவிக்காலம் முடிகிறது. அதற்குள் ஜீவனஹள்ளிக்காரர்களின் மனு ஒன்று உன் அலுவலகத்துக்கு வரும். பாஞ்சாலியும் அந்தத் தெருக்காரர்களும் அவர்கள் சொற்களிலேயே சொல்லி எழுதியது. ஒரு வரியைக்கூட நான் திருத்தவில்லை. பிழைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அதில் என் பெயர் இல்லை. இந்தக் கடிதத்தையும் உன் வீட்டுக்கு அனுப்பாமல் அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன். சீனிவாசராகவன் படிக்கட்டும், ஃபைலில் வைக்கட்டும்.

அவர்கள் கேட்பதைக் கொடு என்று நான் சொல்லவில்லை. அது நீ தீர்மானிக்க வேண்டியது. மறுப்பதானால் ஏன் மறுக்கிறாய் என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதி மறு. பட்டாளத்தில் உத்தரவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, இந்த நாற்காலியில் சொல்லியாக வேண்டும் என்று, பதவி ஏற்ற புதிதில் நீயே அதிசயப்பட்டுச் சொன்னாய்.

ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும், வேலையை விட்டு இறங்கியபின் நிம்மதியான தூக்கமும் தரட்டும். பாமாவுக்கு என் அன்பு. தயவுசெய்து போனில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால், நீ என்ன சொன்னாலும் நான் நம்பிவிடுவேன். பதிலை எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
சொர்ணம் ரெமிஜியஸ்